பாறைமாதா கோயிலுக்கு நான் சொன்ன ஆமென்

1

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை.

எங்கள் பங்குக் கோயிலின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளை என் தங்கை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். ஆட்டாம்பாறை உச்சியில் இருக்கிற பாறைமாதா கோயிலை இடித்துவிட்டு, அதே இடத்தில் கான்கிரீட்டில் புதிய ஆலயம் கட்டப் பங்குப் பேரவை தீர்மானித்திருக்கிறதாம். "வளைகுடா நாடுகளில் வாழும் நம் ஊர் மக்கள் அறுபத்தேழு பேரின் ஏகமனதான ஒப்புதலோடு" என்று தடித்த எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே அறுபத்தேழு பெயர்கள். அகர வரிசையில் நாற்பத்தொன்றாவது பெயர் என்னுடையது. சூ. மரியதாஸ், ஷார்ஜா.

ஜூலை மாதம். பன்னிரண்டரை மணிக்குமேல் வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். சைட்டில் கண்டெய்னர் அறையின் ஏசியில் இருபது பேர் வரிசையாகப் படுத்திருந்தார்கள். நான் எழுந்து வெளியே போய், அந்த வெயிலிலேயே நின்றுகொண்டு ராயப்பனுக்குப் போன் போட்டேன். ராயப்பன்தான் பங்குப் பேரவைச் செயலாளர். பத்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன்.

"ஏல ராயப்பா, நான் எப்பம்ல கையெழுத்துப் போட்டேன்?"

"கையெழுத்த யாருடே கேட்டா? நீதான் ஆமென் போட்டிருக்கேல்லா."

"என்னது?"

"மே மாசம் குரூப்புல போட்டமுல்லா. சம்மதம் உள்ளவங்க ஆமென்னு போடுங்கன்னு. நீ மொத ஆளா போட்டிருக்க. ஒங்க நேரத்துக்குக் காலையில அஞ்சே காலுக்கு. நான் பூசையில வச்சே சொன்னேன், மரியதாசுக்குத்தான் ஊரு மேல எம்புட்டுப் பிரியம்னு."

வாட்ஸ்அப்பில் மேலே தள்ளித் தள்ளிப் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. ரோஜாப்பூ சுற்றிய மாதா படம், அதன் அடியில் ஒரு வசனம், அதன் அடியில் ஒரு ஜெபம், பிறகு 'மேலும் வாசிக்க' என்று ஒரு வரி. அதைத் தொட்டால்தான் உள்ளே 'ஆகவே' என்று தொடங்கி, இடிக்கிற விஷயம் வருகிறது. நான் தொடவில்லை. கம்பெனி வேனில் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில், 'ஆமென்' என்று போட்டுக் கைகூப்பும் பொம்மை ஒன்றையும் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் பங்குக் குழுவில் எதற்கும் ஆமென்தான். 'நாளை காலை ஒன்பது முதல் மின்தடை' என்று ஒருமுறை செய்தி வந்தது. பதினோரு பேர் ஆமென் போட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் பாம்பு கிடக்கிறது, யாரும் குடிக்க வேண்டாம் என்று ஒருவர் எச்சரித்ததற்கும் நாலு ஆமென். ஊரைவிட்டு வந்தவனுக்கு, நான் இன்னும் உங்களில் ஒருவன்தான் என்று காட்டிக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அந்தச் சோம்பேறித்தனத்தை எண்ணிக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு கோயிலை இடிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

2

பாறைமாதா கோயிலின் வயதை ஊரில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நானூறு என்பார் ஒருவர், ஐந்நூறு என்பார் இன்னொருவர். பங்குச்சாமி மாறும்போதெல்லாம் ஐம்பது கூடும். ஒருமுறை கல்லூரியில் சரித்திரம் நடத்துகிற ஒருவர் வந்தார். பீடத்துக்கு முன்னால் தரையில் பதித்திருக்கிற கல்லறைக் கல்லை வெகுநேரம் குனிந்து பார்த்தார். அதிலுள்ள எழுத்தை எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. "இது இடைக்காலத்துக் கட்டடம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னார். இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தோம். பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

கல்லும் சுண்ணாம்பும் மட்டும் சேர்ந்த கட்டடம். சுவர் இரண்டு முழக் கனம். முன்னால் ஒரு வளைவு, அதன் மேல் ஒரு மணி, உள்ளே நிறைய வௌவால். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அந்தச் சுவரில் உண்டு. வெளிச்சுவர் முழுவதும் நாற்பது வீட்டுக்குப் பங்கு பிரித்தது. வீட்டுக்கு நாலு முழம். கோயில் கட்டியபோது மலைமேல் கல் சுமந்த வீடுகளுக்கு அப்படிப் பிரித்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின சனிக்கிழமை, அந்தந்த வீட்டார் வந்து தங்கள் நாலு முழத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கிறிஸ்தவ வீடுகள் மட்டும் அல்ல. மலையடிவாரத்தில் ஆடு வைத்திருக்கும் கோனார் வீடுகள் ஆறுக்கும், காளவாசலில் சுண்ணாம்பு சுட்ட ராவுத்தர் வீட்டுக்கும் சுவரில் பங்கு உண்டு.

ஊர் ஏக்கத்தில் புலம்புகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் சனிக்கிழமையை நான் வெறுத்தேன். பாறை காலைச் சுடும். தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாலும் சுண்ணாம்பு விரலை அரித்துவிடும். கண்ணில் தெறித்தால் அன்றைக்குப் பூராவும் அழுகைதான். என் அப்பா பேச்சில் சுருக்கமானவர். சுண்ணாம்பு அடிக்கிற பனைநார் மட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, "மேல விட்டுட்ட, மேல விட்டுட்ட" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அடுத்த வீட்டுப் பங்கில் நம் மட்டை படக் கூடாது, அது எவ்வளவு அழுக்காக இருந்தாலும். ஆகவே சுவரைப் பார்த்தாலே ஊர் நிலவரம் தெரிந்துவிடும். ஒரு நாலு முழம் கறுத்துக் கிடந்தால் அந்த வீட்டில் அண்ணன் தம்பி சண்டை. பாதி அடித்துப் பாதி நின்றிருந்தால் சாவு. பளிச்சென்று இரண்டு பூச்சு இருந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நான் விசா வாங்கிக்கொண்டு வந்த வருஷம் எங்கள் நாலு முழம் கறுத்துக் கிடந்தது. அப்பாவுக்கு அப்போது முட்டு முடியாது. அடுத்த வருஷம் ஒரு ஆளைக் கூலிக்கு வைத்து அடிக்கச் சொன்னேன். என்னைப் பார்த்து துபாய்க்காரர்கள் இன்னும் நாலு பேர், பிறகு பத்துப் பேர் அப்படிச் செய்தார்கள்.

3

இனி என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சாரம் கட்டுகிறவர்களுக்கு ஃபோர்மேன். இரண்டு வருஷமாக ஒரு தீவில் வேலை. மணலுக்கு அடியிலிருந்து அங்கே ஒரு பழைய மடத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்த மடம். எங்கள் பாறைமாதாவைவிடப் பல நூறு வருஷம் மூத்தது. மிச்சம் இருப்பது முழங்கால் உயரச் சுவர்தான். சில இடத்தில் அதுவும் இல்லை, கணுக்கால் அளவுதான். அந்தச் சுவர்மேல் வெயில் படாமல் கூரை போடுவது எங்கள் வேலை.

அந்த வேலையை எப்படிச் செய்தோம் என்று கேளுங்கள். தரையில் கால் வைக்கக் கூடாது, பலகைமேல்தான் நடக்க வேண்டும். பைப்பைத் தோளில் சுமந்து வரும்போது சுவர்ப் பக்கம் ஒரு ஆள் காவல் நடக்க வேண்டும். சுவரில் ஒரு கல் தளர்ந்திருந்தால்கூட அதைத் தொடும் முன் படம் எடுத்து, எண் எழுதிய சீட்டு வைக்க வேண்டும். என் ஆள் ஒருவன் பூட்ஸ் நுனி சுவரில் உரசியதற்கு மூன்று பக்கம் ரிப்போர்ட் எழுதினேன். எந்தச் சாமியை யார் கும்பிட்ட இடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பழையது, ஆகவே தொடாதே, அவ்வளவுதான் சட்டம்.

என் கூட்டத்தில் குல் கான் என்று ஒரு பட்டாணியர் உண்டு. வாயில் எப்போதும் புகையிலைத் தூள் வைத்திருப்பார். அந்தச் சுவர் பக்கம் உட்கார்ந்து வேலை செய்யும்போது மட்டும் எழுந்து அரை ஃபர்லாங் நடந்துபோய்த் துப்பிவிட்டு வருவார். "பாய், யே பீ குதா கா கர் தா" என்றார் ஒருநாள். இதுவும் கடவுளின் வீடாக இருந்ததுதானே என்று அர்த்தம்.

பழைய சுவர்களைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு இத்தாலிய அம்மா இருந்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். ஒரு டீ நேரத்தில் எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். சுவரில் காரை உப்பிக் கொட்டுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். மேலே என்ன பூசியிருக்கிறீர்கள் என்றார். வெதர்ப்ரூஃப் பெயின்ட் என்றேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், உள்ளே போன ஈரம் அந்த வழியாகத்தான் வெளியே வரும், பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பது அதன் வாயில் பாலிதீன் பையைக் கட்டுவது மாதிரி என்றார்.

நானும் டீயைக் கீழே வைத்தேன். ஏனென்றால் அந்த யோசனையைச் சொன்னவனே நான்தான். 'வருஷா வருஷம் சுண்ணாம்பு எதற்கு? ஒரே ஆளிடம் கொடுத்து நல்ல பெயின்ட் அடித்தால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை' என்று ஏழு வருஷம் முன்பு குழுவில் எழுதினேன். அதற்கும் முப்பது ஆமென் விழுந்தது. பெயின்ட் அடித்தார்கள். நாற்பது பங்கும் ஒரே நிறம் ஆயிற்று. இரண்டே மழைக்காலத்தில் காரை உப்பத் தொடங்கியது. இன்று அந்த உப்பிய காரையைக் காட்டித்தான், சுவர் செத்துப்போச்சு, இடிக்கணும் என்கிறார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் நேராகக் குரங்கையே பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

4

பங்குச்சாமி எங்கள் ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார். போனில் பேசியபோது அந்த மெதுவே எனக்குக் கோபத்தைக் கூட்டியது.

"உங்க உணர்வு எனக்குப் புரியுது மரியதாஸ். ஆனா இது என் தனி முடிவு இல்ல. ஏகமனதா வந்த தீர்மானம்."

"சாமி, அது தீர்மானம் இல்ல. அது வெறும் ஆமென்."

"ஆமென்னு சொல்லிட்டு வெறும் ஆமென்னு சொன்னா எப்படி?"

ஆமென் என்றால் 'அப்படியே ஆகட்டும்' என்று எனக்கும் தெரியும். ஞானஉபதேசத்தில் முதல் பரிசு வாங்கியவன் வேறு நான்.

கடைசியில் ஒரு வழி சொன்னார். அறுபத்தேழு பேரில் பாதிக்குமேல் தங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் பேரவை மறுபடி பேசும். ஆனால் ஆளுக்கொரு கடிதம், அசல் கையெழுத்து, பாஸ்போர்ட் நகல் சேர்த்து. போனில் அனுப்பினால் செல்லாது. ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்குள் வந்து சேர வேண்டும். இந்த நாட்டில் லேபர் ஆபீஸ், எமிகிரேஷன், டைப்பிங் சென்டர் என்று எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறேன். ஆனால் சரி என்று சொல்ல ஒரு கட்டைவிரல் போதும், வேண்டாம் என்று சொல்ல பாஸ்போர்ட் நகல் வேண்டும் என்கிற சட்டத்தை எங்கள் ஊரில்தான் பார்த்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். முதலில் துபாய் சத்வாவில் தையல்கடை வைத்திருக்கும் ஜெபமணி. கடிதத்தை வாங்கி மெஷின்மேல் வைத்துவிட்டு, கத்தரிக்கோலால் அதை நகர்த்தினார்.

"மரியதாசு, எங்கம்மைக்கு எம்பத்திரண்டு வயசு. மல ஏறி ஆறு வருசமாச்சு. புதுக்கோயிலு வந்தா ரோடு வரும், வண்டியில கொண்டுபோயி எறக்கலாம். ஒமக்கு செவரு முக்கியம். எனக்கு எங்கம்ம முக்கியம்."

"ரோடு போடட்டும் அண்ணாச்சி. கோயில எதுக்கு இடிக்கணும்?"

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனி சாண் என்ன, மொழம் என்ன? விடும்வே."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதனால்தான் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் எங்கள் ஊர்ப் பையன்கள் பன்னிரண்டு பேர் இரண்டு அறையில் இருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரன் நூறடிக் கோபுரம் கட்டிவிட்டான், நமக்கு இன்னும் வௌவால் கோயில்தானா என்றான் ஒருவன். புதுக் கோயில் வாசலில் கிரானைட்டில் வளைகுடாக்காரர்கள் பெயரை வெட்டப் போகிறார்களாம், தன் பெயரும் வரும் என்றான் இன்னொருவன். நீ சுவரில் சுண்ணாம்பு அடித்திருக்கிறாயாடா என்று கத்தினேன். அவன் நிஜமாகவே புரியாமல் பார்த்தான். அவன் பிறந்து விவரம் தெரியும்போது நாங்கள் கூலிக்கு விட்டாயிற்று. அவனிடம் கத்தி என்ன பயன்?

அந்த அறையின் மூலைக் கட்டிலில் சாக்ஸ் காயப்போட்டுக்கொண்டிருந்தவன் இசக்கிமுத்து. அடிவாரத்துக் கோனார் வீட்டுப் பிள்ளை, கம்பி கட்டுகிற ஸ்டீல் ஃபிக்ஸர் வேலை. நான் மற்றவர்களோடு மல்லுக்கட்டியதை எல்லாம் கேட்டுவிட்டு எழுந்து வந்தான்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்கும் நாலு மொழம் இருக்குல்லா. எங்கய்யா சாவுத வரைக்கும் அவியதான் அடிச்சாவ. இடிக்கப் போறதா என்ட்ட ஒருத்தரும் கேக்கலிய?"

"நீ குரூப்புல இல்லியே இசக்கி."

"அது கோயிலு குரூப்பு. என்னய எப்டிச் சேப்பாவ? ஆனா செவரு எங்களதும்தான? நான் கையெழுத்துப் போடலாமா?"

அங்கேயே நின்று ராயப்பனுக்குப் போன் போட்டேன். இசக்கிமுத்துவின் கையெழுத்தைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன்.

"அவன் நம்ம பங்கு ஆளு இல்லடே. செல்லாது."

"அவன் வீட்டுக்குச் செவரு இருக்குல்ல?"

"செவரு இருந்தா? ஞானஸ்நானம் இருக்கா?"

இசக்கி கேட்டுக்கொண்டு நிற்கிறான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் அணைக்கப் பார்ப்பதற்குள் முழுவதும் வந்து விழுந்துவிட்டது. அவன் தன் கட்டிலில் எனக்கு இடம் ஒதுக்கினான். "டீ குடிக்கியளா அண்ணாச்சி" என்று கேட்டான். கல் சுமந்தபோது யார் வீட்டு முதுகு என்று பார்க்கவில்லை. இடிக்கும்போது மட்டும் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்கிறார்கள். அன்றைக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் எனக்கு அடங்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு முடியும்போது என் கையில் இருந்தவை ஒன்பது கடிதங்கள்.

5

என் மனைவி ஸ்டெல்லா கிளினிக்கில் நர்ஸ். டூட்டி முடிந்து வந்து காலை நீட்டினால் நான் இதே கதையைத் தொடங்குகிறேன் என்று அவளுக்கு அலுப்பு. "கொஞ்சம் மெள்ளப் பேசுங்க. நீங்க கத்துற கத்துக்குப் பக்கத்து வீட்டு பிலிப்பைன்காரி செவத்தத் தட்டுதா" என்பாள்.

மகள் அன்ஸிக்குப் பதினைந்து வயது. இங்கேயே வளர்ந்தவள். தமிழில் நன்றாகச் சண்டை போடுவாள், வாசிக்க வராது. ஒன்பது கடிதத்தையும் மேசையில் பரப்பி நான் உட்கார்ந்திருந்தபோது வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அந்த மெசேஜ டிலீட் ஃபார் எவ்ரிஒன் பண்ணுங்களேன். சிம்பிள்."

"பண்ணிப் பாத்தேன். ரெண்டு மாசம் ஆயிட்டு. வரல."

"ஓகே. பட் வொய் ஆர் யூ சோ ஆங்ரி? இட்ஸ் ஜஸ்ட் எ பில்டிங், ரைட்?"

எழுந்துவிட்டேன். உனக்கு என்ன தெரியும், உன் தாத்தா அடித்த சுவர் அது, உனக்கு ஊர் வேண்டாம், மொழி வேண்டாம் என்று என்னவெல்லாமோ சொன்னேன். அவள் அழவில்லை. மிகவும் பொறுமையாக, தமிழிலேயே கேட்டாள்.

"நீங்க என்னை அங்க எத்தனை தடவை கூட்டிட்டுப் போனீங்க?"

நான் யோசித்தேன். லீவு முப்பது நாள். பேங்க், ஆதார் கார்டு, கல்யாண வீடு, பல் டாக்டர், திருநெல்வேலியில் துணிக்கடை. மலை எங்கள் வீட்டு மாடியிலிருந்தே தெரியும். தெரிகிறதே என்று விட்டிருக்கிறேன். ஒருதடவைகூட இல்லை. சுவரில் எங்கள் நாலு முழம் எது என்று என் மகளுக்குத் தெரியாது. அப்போது ராயப்பன்மேல் இருந்த கோபத்தில் பெரும்பகுதி என் பக்கம் திரும்பியது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

6

கடிதம் சேர வேண்டிய கெடுவுக்கு ஒரு வாரம் இருந்தது. ஒன்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது. அன்றைக்கு வேனில் போகும்போது குழுவில் வழக்கம்போல மாதா படம் ஒன்று வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கட்டைவிரல் தானாக ஆமென் பக்கம் போனது. இத்தனை நடந்த பிறகும்! சனியன் பிடித்த விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சைட் வந்து சேர்வதற்குள் எனக்கு யோசனை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அன்ஸியிடம், மாதா படம் ஒன்று வேண்டும், சுற்றிலும் ரோஜா, மேலே ஒளிக்கதிர் என்றேன். போனிலேயே ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுத்தாள். அதன் கீழே ஒரு வசனம் போட்டேன். நானே ஒரு ஜெபம் எழுதினேன், நீளமாக, கண்ணீர் வரும்படி. அதற்கும் கீழே, 'மேலும் வாசிக்க' என்பதைத் தாண்டி, 'ஆகவே' என்று தொடங்கினேன். ஆகவே, பாறைமாதா கோயிலை இடிக்கக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம். பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும் என்று கேட்கிறோம். சுவரில் பங்குள்ள நாற்பது வீட்டையும், எந்த மதமானாலும், கேட்காமல் ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது. பிறகு நாற்பது வீட்டையும் எழுதினேன். கிழக்கு மூலையில் தொடங்கி எந்தச் சுவரில் எந்த வீடு என்று ஞாபகத்தில் வந்தபடி வரிசையாக. கடைசியில், 'சம்மதம் உள்ளவர்கள் ஆமென் சொல்லுங்கள்.'

அன்ஸிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நாற்பது வீட்டையும் கேட்டாள். எங்கள் வீடு வந்ததும் நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு சிரித்தாள்.

"சோ பேசிக்கலி, நீங்க அவங்கள ஸ்கேம் பண்றீங்க?"

"ஆமா."

"மாதாவ வச்சா ஏமாத்தப் போறீங்க?" என்றாள் ஸ்டெல்லா அடுக்களையிலிருந்து.

"ராயப்பன் மட்டும் யார வச்சான்?"

ஞாயிறு காலை, ஐந்தே காலுக்கு அனுப்பினேன். ஆறு மணிக்கு இருபத்து மூன்று ஆமென். பூசைக்குப் போய் வந்து பார்த்தால் நாற்பத்தொன்று. மதியச் சாப்பாட்டுக்குள் வளைகுடாக்காரர்கள் மட்டும் ஐம்பத்தெட்டுப் பேர். சத்வா ஜெபமணி மூன்று ஆமென் போட்டிருந்தார். கிரானைட்டில் பெயர் வரக் காத்திருக்கும் பையனும் போட்டிருந்தான். ராயப்பன் ஆமென் போட்டு ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றியிருந்தான். பங்குச்சாமி கைகூப்பி, ஒரு புறாவும் விட்டிருந்தார். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஐம்பத்தெட்டுப் பெயரையும் எண் போட்டு எழுதி, பங்குச்சாமிக்கும் பேரவைக்கும் அனுப்பினேன். 'வளைகுடா நாடுகளில் வாழும் நம் ஊர் மக்களின் ஏகமனதான ஒப்புதலோடு' என்று அவர்கள் வாசகத்தையே மேலே போட்டேன்.

கால் மணி நேரத்தில் ராயப்பன் கூப்பிட்டான்.

"ஏமாத்துவேலடே இது! அக்கிரமம்!"

"ஆமா."

"நான் முழுசா வாசிக்காமல்லா போட்டுட்டேன்!"

"நானும்தாம்ல."

  அவன் போனை வைத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்துப் பங்குச்சாமி எழுதினார். திருவிழா முடியட்டும், ஊர் கூடி நேரில் பேசிக்கொள்வோம், அதுவரை இடிப்பு இல்லை. தள்ளிப்போட்டிருக்கிறார்கள், விட்டுவிடவில்லை. திருவிழாவுக்கு மூன்று மாதம் இருக்கிறது. லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்ஸி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜெயித்துவிட்டாயே என்று தங்கை போனில் சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மே மாதம் இடி என்றதற்கும் ஆமென், ஜூலையில் இடிக்காதே என்றதற்கும் ஆமென். இரண்டையும் ஒருவரும் வாசிக்கவில்லை. மெனக்கெட்டு நாற்பது வீட்டை வரிசைப்படுத்தினேனே, எங்கள் வீட்டை எங்கே போட்டாய், அவர்கள் வீடு முன்னால் வருமே என்று ஒரு சண்டையாவது வந்திருக்க வேண்டாமா? அந்தக் காலத்தில் ஒரு விரல் அகலம் தாண்டி மட்டை பட்டதற்கு ஆறு மாதம் பேசாமல் இருந்த ஊர் அது. அதை நினைத்தால்தான் எனக்கு எரிகிறது.

இசக்கிமுத்து குழுவில் இல்லை என்பதால் அவனுக்கு அந்தச் செய்தியைத் தனியாக அனுப்பியிருந்தேன். ஆமென் வரவில்லை. அன்றைக்கு முழுவதும் ஒன்றும் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் டூட்டி முடிந்து கேம்ப் பஸ்ஸில் இருந்தபடி குரலில் பேசி அனுப்பியிருந்தான். பின்னால் இந்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, நேத்து ஓவர்டைம், அதான் உடனே பேசல. ரெண்டு தடவ முழுசா வாசிச்சேன். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிய. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. எங்க வீட்டுப் பங்க மேக்குச் செவருன்னு போட்டிருக்கிய. மேக்குல ராவுத்தர் வீடுல்லா? எங்களது வடக்கு. மணிக்கயிறு தொங்குத மூலையிலருந்து நாலு மொழம்."

திருத்திவிட்டேன், இசக்கி.